மல்டிபிள் பர்சனாலிட்டி: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் பக்கமிருந்து மனநலச் சிகிச்சைக்கு வருகிறவர்களின் குடும்பத்தாரோடு பேசுவது என் வேலை. டாக்டர் அறைக்குள் கேட்கத் தயங்கியதை வெளியே வந்ததும் என்னிடம் கேட்பார்கள். கொஞ்ச காலமாக அதில் மல்டிபிள் பர்சனாலிட்டி பற்றிய சந்தேகங்கள் கூடியிருக்கின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. நோய் இன்னது என்று முடிவு செய்வது அவர்கள் பொறுப்பு. ஆனால் இந்த நோயின் பெயர் குறித்து டாக்டர்களுக்குள் நடக்கும் வாதம் அரைகுறையாக வீட்டுக்கு வந்து, "அப்போ இவ நடிக்கிறா" என்ற தீர்ப்பாக மாறிவிடுகிறது. அது என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"ஒரே உடம்புல ரெண்டு மூணு பேரு இருப்பாங்கன்றது நெசமா?"

ரெண்டு மூணு பேர் இல்லை, ஆள் ஒருவர்தான். நேற்று கோபத்தில் கத்தியதும், இன்று பிள்ளையைக் கொஞ்சுவதும், பத்து வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடம் போனதும் எல்லாம் 'நான்'தான் என்ற உணர்வு நமக்குத் தானாகவே இருக்கிறது. இந்த நோயில் அந்த உணர்வு அறுந்து போகிறது. தன் நினைவில் ஒரு பகுதி, தன் கோபம், தன் பயம் எல்லாம் வேறு யாருடையதோ போல அவருக்குப் படுகிறது. அந்தப் பகுதிக்கு ஒரு பெயரும் வயதும் குரலும்கூட வந்துவிடலாம். மருத்துவப் பெயர் டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர், சுருக்கமாக டி.ஐ.டி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980 முதல் மல்டிபிள் பர்சனாலிட்டி என்ற பெயரில் இருந்ததை 1994இல் இப்படி மாற்றினார்கள்.

அந்தக் கையேட்டின் 2013 பதிப்பு கேட்பவை இவை: இரண்டோ அதற்கு மேலோ வெவ்வேறு ஆளுமை நிலைகள் தெரிய வேண்டும், சாதாரண மறதியால் விளக்க முடியாத அளவுக்கு நினைவில் ஓட்டை விழ வேண்டும், அதனால் அவர் அவதிப்பட வேண்டும், குடியாலோ வலிப்பு நோயாலோ வந்ததாக இருக்கக் கூடாது. வெளிப்பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். தான் வாங்கியதாக ஞாபகமே இல்லாத புடவை பீரோவில் இருக்கும். பேசியதாக நினைவே இல்லாத ஒரு சண்டைக்கு வீட்டார் பதில் கேட்பார்கள். பல பேர் வருஷக்கணக்கில் இதை மறைத்துக்கொண்டே சமாளிக்கிறார்கள்.

"சீட்டுல 'டிஸ்ஸோசியேட்டிவ்'னு எழுதிக் குடுத்தாங்க. நெட்ல போட்டுப் பாத்தா மல்டிபிள் பர்சனாலிட்டினு வருது. எம் பொண்ணுக்கு அதுவா?"

பெரும்பாலும் இல்லை. 'டிஸ்ஸோசியேட்டிவ்' என்பது ஒரு வகையின் பெயர். அதற்குள் பல நோய்கள் அடங்கும். நம் பக்கம் அதிகம் பார்ப்பது வலிப்பு மாதிரி வருவதுதான். கை கால் இழுக்கும், மயங்கி விழுவார்கள், சில நாள் பேச்சே நின்றுபோகும். ஆனால் மூளை அலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. எடுத்தால் வலிப்புக்கான அலை இருக்காது. முன்பு இதை ஹிஸ்டீரியா என்றார்கள். பரீட்சை, பிடிக்காத கல்யாணப் பேச்சு, புகுந்த வீட்டில் அடி, வெளியில் சொல்ல முடியாத பயம் என்று பின்னால் ஏதாவது இருக்கும். சிகிச்சையில் நன்றாகவே தேறுகிறார்கள்.

அடுத்த முறை போகும்போது, "டிஸ்ஸோசியேட்டிவ்ல எது டாக்டர்?" என்று நேராகவே கேளுங்கள். அது நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

"'அந்நியன்' படத்துல வர்ற மாதிரி ஆளைக் கொன்னுடுவாங்களா?"

2005இல் 'சந்திரமுகி'யும் 'அந்நியன்'னும் சில மாத இடைவெளியில் வந்தன. அதிலிருந்து இந்த நோய் என்றாலே நம் ஊரில் கொலைவெறி என்ற பயம். உண்மையில் இவர்களால் அடுத்தவருக்கு வரும் ஆபத்தைவிட இவர்கள் தங்களுக்கே செய்துகொள்ளும் ஆபத்துதான் பெரிது. புறநோயாளிகளாகச் சிகிச்சை பெறுவோரில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் என்று மேலே சொன்ன கையேடு சொல்கிறது. பயப்படுவதானால் இதற்குப் பயப்படுங்கள். அரளி விதையும் பூச்சி மருந்தும் தூக்க மாத்திரையும் அவர்கள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

"இதுவும் சிசோஃப்ரீனியாவும் ஒண்ணுதானே?"

இல்லை. சிசோஃப்ரீனியாவில் இல்லாதது இருப்பதாகப் படும்: பக்கத்து வீட்டார் விஷம் வைக்கிறார்கள், டி.வி. என்னைப் பற்றிப் பேசுகிறது என்பது மாதிரி. டி.ஐ.டி.யில் 'நான்' என்ற தொடர்ச்சியும் நினைவும் உடைகிறது. குரல் கேட்பது இரண்டிலும் உண்டு என்பதால் குழப்பம் வருகிறது. மருந்தின் பங்கு இரண்டிலும் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

"சாமி வர்றது, பேய் புடிக்கிறது எல்லாமே இந்த நோய்தானா? எங்க அம்மாவுக்கு வருஷா வருஷம் சாமி வரும்."

உங்கள் அம்மாவுக்கு நோய் இல்லை. ஆடியில் கூழ் வார்க்கும்போது, படவேடு ரேணுகாம்பாள் கோயிலில், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் எத்தனையோ பேருக்கு அருள் வருகிறது. பம்பைச் சத்தத்தில் வருகிறது, கற்பூரம் காட்டினால் மலையேறுகிறது. எப்போது வரும், எப்போது போகும் என்று ஊருக்கே தெரியும். வந்தவருக்கு மரியாதை கிடைக்கிறது. மறுநாள் அவர் பீடி சுற்றவோ ஷூ கம்பெனிக்கோ வழக்கம்போலப் போகிறார். ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தின் பகுதியாக வருவதை நோய் என்று எண்ணக் கூடாது என்று அந்தக் கையேடே விதி வைத்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது வேறு மாதிரி இருக்கும். கோயில், திருவிழா என்ற இடம் காலம் இல்லாமல் வரும். அவர் விரும்பாமலே வரும், நிறுத்தவும் முடியாது. செத்துப்போன சித்தியாக, முன்பின் தெரியாத ஒரு ஆணாகப் பேசிவிட்டு, பிறகு ஒன்றும் நினைவில்லாமல் அழுவார். படிப்பும் வேலையும் கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. 2022 முதல் நடைமுறையில் உள்ள 11ஆம் பதிப்பில் ஆவி பிடித்ததாகத் தோன்றும் மயக்க நிலை ஒரு நோய், டி.ஐ.டி. வேறொரு நோய். அமெரிக்கக் கையேடோ, சில பண்பாடுகளில் டி.ஐ.டி. ஆவி பிடித்த அனுபவமாகவே வெளிப்படலாம் என்று 2013இல் சேர்த்துக்கொண்டது. ஒரே பெண்ணுக்கு இரண்டு புத்தகங்களின்படி இரண்டு பெயர் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. டாக்டருக்கு டாக்டர் பெயர் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"சோளிங்கருக்குக் கூட்டினு போறதா, ஆஸ்பத்திரிக்கா?"

இரண்டுக்கும் போகலாம். சோளிங்கர் தக்கான் குளத்தில் மூழ்கி எழுந்து மலையேறுவது தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் செய்வது. அங்கே கிடைக்கும் ஆறுதலை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். என் கோரிக்கை இரண்டே: மாத்திரையை நிறுத்தாதீர்கள், அடிப்பது, கட்டுவது, சூடு வைப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது நடக்கும் இடத்தில் ஒரு நிமிஷமும் விட்டுவைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இன்னொன்று. நன்றாக இருந்தவர் சில நாளுக்குள் திடீரென ஆளே மாறி, கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய்குழறல் இருந்தால் எங்கேயும் தள்ளிப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூளையில் அழற்சி ஏற்பட்டாலும் இளம் பெண்களிடம் இது 'பேய்' மாதிரிதான் தொடங்கும். சிகிச்சை உண்டு, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

"எதனால வருது?"

இந்த நோய் உள்ளதாகக் கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிறு வயதில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமையைச் சொல்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் இது 90 சதவீதம் அளவுக்கு. பாலியல் வன்முறை, அடி, கண்டுகொள்ளாமல் கைவிடுவது எல்லாம் இதில் அடங்கும். காப்பாற்ற வேண்டியவரே கொடுமை செய்யும்போது குழந்தைக்கு ஓட இடமில்லை. "இது எனக்கு நடக்கவில்லை, வேறு யாருக்கோ நடக்கிறது" என்று மனம் விலகிக்கொள்கிறது. அந்த விலகல் பழகிப் போய், வளர்ந்த பிறகும் நிற்கிறது என்பது ஒரு தரப்பின் விளக்கம். பிரான்சில் பியர் ஜானே 1889லேயே இந்த விலகலைப் பற்றி எழுதிவிட்டார். மறு தரப்பின் விளக்கம் சண்டையைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

"அப்போ பெத்தவங்க நாங்கதான் தப்பு பண்ணிட்டோமா?"

அப்படி யாரும் நோயை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நோய் இருப்பதால் கொடுமை நடந்தே இருக்க வேண்டும் என்று பின்னோக்கி முடிவு கட்டுவது தவறு. அந்தத் தவறால் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. ஆனால் பிள்ளை தானாக ஒன்றைச் சொன்னால், "மாமா அப்படிச் செய்வாரா, வாயை மூடு" என்று அடக்கிவிடாதீர்கள். நம் வீடுகளில் அதிகம் நடப்பது அதுதான். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

"டாக்டருங்களே இப்படி ஒரு நோயே இல்லன்றாங்களாமே? இன்னாதான் சண்டை?"

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். முன் பதிலில் சொன்ன கொடுமை விளக்கம் ஒரு தரப்பு. மறு தரப்பு சொல்வது இது: பல ஆளுமைகள் என்ற வடிவம் நோயாளிக்குள் தானாக முளைப்பதில்லை. சினிமா, புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலாக டாக்டரோ கவுன்சலரோ திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, இவை அந்த வடிவத்தைக் கொடுக்கின்றன. "உனக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா? அவரோடு நான் பேசலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், தவித்துக்கொண்டிருக்கும் ஒருவர் தன் தவிப்புக்கு அந்த உருவத்தை எடுத்துக்கொள்வார். கனடாவின் நிக்கோலஸ் ஸ்பானோஸ் 1980களில் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். குறிப்புணர்த்தும் கேள்விகளைக் கேட்டபோது, எந்த நோயும் இல்லாத மாணவர்களிடமே இன்னொரு பெயரும் 'எனக்கு ஞாபகமில்லை' என்ற பதிலும் வந்தன.

இவர்களுக்குப் பலமான சான்று எண்ணிக்கைதான். 1970க்கு முன் உலக மருத்துவ ஏடுகளில் மிக அரிதாக இருந்த நோய், 1980களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் பெருகியது. அதிலும் பெரும் பகுதியைக் கண்டறிந்தவர்கள் குறிப்பிட்ட சில மருத்துவர்கள். இந்தியாவிலிருந்து 1981லும் 1989லும் நம் மருத்துவர்கள் வெளிநாட்டு ஏடுகளில் எழுதியபோது, இங்கே இது மிக அரிது, ஆவி பிடிப்பதே அதிகம் என்றார்கள். நோய் இயற்கையானது என்றால் ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

முதல் தரப்புக்கும் பதில் இருக்கிறது. தேடாததால் கிடைக்கவில்லை, துருக்கியிலும் நெதர்லாந்திலும் முறையாகத் தேடியபோது கிடைத்தது என்கிறார்கள். மன விலகலுக்கும் கொடுமைக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் விரிவாக வாதிட்டார்கள். எதிர்த் தரப்பு 2014இல் பதில் எழுதியது. அதில் கொடுமைக்கும் பங்கு இருக்கலாம் என்றும், தூக்கக் கெடுதல், எளிதில் கற்பனையில் ஆழும் இயல்பு, சூழல் எல்லாம் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன என்றும் எழுதினார்கள். முப்பது வருஷத்துக்கு முன்பிருந்த தூரம் இன்று இரு தரப்புக்கும் இடையில் இல்லை என்பது என் கணிப்பு.

குடும்பத்தார் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். காய்ச்சல் மலேரியாவா டைபாய்டா என்று டாக்டர்கள் வாதாடும்போது, காய்ச்சலே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இங்கேயும் வாதம் நோய்க்கு என்ன காரணம், என்ன பெயர் என்பதில்தான். எதிர்த் தரப்பில் பொறுப்போடு எழுதும் யாரும் இவர்கள் வேஷம் போடுகிறார்கள் என்று சொல்லவில்லை.

"அந்த 'சிபில்' கதையே பொய்யாமே?"

'சிபில்' 1973இல் அமெரிக்காவில் வந்த புத்தகம். பதினாறு ஆளுமைகள் கொண்ட ஒரு பெண்ணின் உண்மைக் கதை என்று லட்சக்கணக்கில் விற்றது, 1976இல் டி.வி. படமானது. மேலே சொன்ன பெருக்கம் அதற்குப் பிறகுதான். தனக்குப் பல ஆளுமைகள் இல்லை என்று அந்தப் பெண்ணே 1958இல் தன் டாக்டருக்குக் கடிதம் எழுதியிருந்தது பிற்காலத்தில் வெளிவந்தது. மயக்க மருந்து ஊசியும் ஹிப்னாடிசமும் நிறையப் பயன்பட்டதும் தெரிந்தது. டாக்டர் தரப்பு அந்தக் கடிதத்தைச் சிகிச்சைக்கு எதிரான தயக்கம் என்று எடுத்துக்கொண்டது.

அந்தக் கதை ஆட்டம் கண்டதால் நோயே இல்லை என்றாகிவிடாது. அந்தப் பெண் சிகிச்சை தேடி வந்தபோது பட்ட வேதனை யாரும் மறுக்காதது.

"தலைக்கு ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடாதா?"

தெரியாது. நெதர்லாந்தில் ஒரு குழு, டி.ஐ.டி. உள்ளவர்களையும் அதே மாதிரி நடிக்கச் சொல்லப்பட்டவர்களையும் ஸ்கேனில் ஒப்பிட்டுப் பார்த்தது. இரு சாராரின் மூளை இயக்கமும் வேறு மாதிரி இருந்தது. நடிப்பு என்ற வாதத்துக்கு அது நல்ல பதில். ஆனால் ஆட்கள் குறைவு. ஒரு தனி ஆளுக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல அது உதவாது. ஸ்கேனும் ஈ.ஈ.ஜி.யும் எழுதுவது கட்டி, வலிப்பு மாதிரி வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய.

"பெருசா ஒண்ணும் ஞாபகமில்லன்றா, ஆனா சில விஷயம் டக்குனு தெரியுது. அப்போ நடிப்புதானே?"

இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். ஒரு ஆளுமை நிலையில் கற்ற சொற்கள் இன்னொரு நிலையில், "எனக்குத் தெரியாது" என்று சொல்லும்போதும், பரிசோதனையில் வெளிப்படுகின்றன. ஆக, நினைவு அழிந்துவிடவில்லை, உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அது தன்னுடையது என்று அவரால் உணர முடியவில்லை. பொய் சொல்கிறவர் தெரிந்தே மறைக்கிறார். இவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

வீட்டில் வைத்துப் பரீட்சை பார்க்காதீர்கள். சாவியை ஒளித்து வைத்துப் பார்ப்பது, கிள்ளிப் பார்ப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது எதுவும் உண்மையைச் சொல்லாது, நம்பிக்கையைத்தான் கெடுக்கும். வேண்டுமென்றே நடிக்கிறாரா என்பதை மருத்துவர்கள் பல நாள் பார்த்து, பல பேரிடம் விசாரித்து எடை போடுவார்கள்.

"ஹிப்னாடிசம் பண்ணி பழசையெல்லாம் வெளிய கொண்டாந்தா சரியாயிடுமா?"

தயவுசெய்து வேண்டாம். அந்த நிலையில் வரும் நினைவில் எது நடந்தது, எது கேள்வியால் உருவானது என்று பிரிக்க முடியாது. ஆனால் வந்தவருக்கு எல்லாமே உறுதியாகத் தோன்றும். 1980, 90களில் அமெரிக்காவில் இப்படி 'மீட்ட' நினைவுகளில் சாத்தான் வழிபாடு, நரபலி என்றெல்லாம் வந்து, விசாரித்தால் ஆதாரமே இல்லாமல் போனது. சிகாகோவில் ஒரு குடும்பம் வழக்குப் போட்டு 1997இல் 1 கோடியே 6 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றது. நம் பக்கமும் பேனர் கட்டி முன்ஜென்மம் வரை கூட்டிப் போகிறேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தைவிட மனசுக்குத்தான் சேதம்.

"மருந்து இன்னா? குணமாகுமா?"

டி.ஐ.டி.க்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மைக்கு மாத்திரை தருவார்கள், அவை முக்கியம். மூல சிகிச்சை பேச்சுதான். முதலில் உயிர்ப் பாதுகாப்பு, தூக்கம், அன்றாட ஒழுங்கு. அது நிலைப்பட்ட பிறகே பழைய காயம். கடைசியாக, பிரிந்து நிற்பதை ஒன்றாக வாழப் பழகுவது. வருஷக்கணக்கில் ஆகும். எடுத்த எடுப்பில் பழைய கொடுமையைத் தோண்டும் கவுன்சலரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முழுக்க ஒன்றாகாவிட்டாலும், வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, சாகும் எண்ணம் இல்லாமல் வாழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அது குணம்தான்.

"வேற ஆளா பேசும்போது நாங்க இன்னா பண்றது?"

பதறாமல் பக்கத்தில் உட்காருங்கள். "நீ யாரு? எதுக்கு வந்த? எப்போ போவ?" என்று விசாரணை வேண்டாம், பூசாரி கேட்டாலும் கவுன்சலர் கேட்டாலும் அந்தக் கேள்வி அந்த உருவத்தை வளர்க்கவே செய்யும். அதே சமயம், "சும்மா நடிக்காத" என்று அதட்டவும் வேண்டாம். "இது நம்ம வீடு. நான் உங்க அம்மா. பயப்படாத, தண்ணி குடி" என்ற மாதிரி பேச்சு போதும். வழக்கமாகக் கூப்பிடும் பெயரிலேயே கூப்பிடுங்கள். தெருவைக் கூட்டாதீர்கள்.

டாக்டரிடம் காட்ட வீடியோ எடுத்தால், தெளிந்த பிறகு அவரிடம் சொல்லி அனுமதி கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள்.

"நான் காட்பாடியில காலேஜ் படிக்கிறேன். ரீல்ஸ் பாத்தப்போ எனக்கும் இது இருக்கோன்னு தோணுது. என்னை யாரும் நம்ப மாட்டாங்களா?"

நான் நம்புகிறேன், உங்களுக்குக் கஷ்டம் இருக்கிறது என்பதை. அதன் பெயர் இதுதானா என்பது மட்டும் இன்னும் தெரியாது. தூக்கமில்லாமல், பதற்றத்தில் இருக்கும்போது தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பது போலத் தோன்றுவது நிறைய பேருக்கு உண்டு; அது டி.ஐ.டி. அல்ல. பெயர்களும் வயதும் போட்டுப் பட்டியல் எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். மருத்துவரிடம், "எனக்கு டி.ஐ.டி." என்று தொடங்காமல், என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்: எந்த நேரம் நினைவில்லை, அன்று எவ்வளவு தூங்கினீர்கள், என்ன பயம்.

"கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்ன்றாங்க..."

ஆகாது. புது வீடு, புது ஆட்கள், தொடுதல் எல்லாம் சேர்ந்து நிலைமையை மோசமாக்கலாம். மறைத்துச் செய்வது இரு குடும்பத்துக்கும் கேடு. தேறிய பிறகு, அவர் விரும்பினால், வரப்போகிறவரிடம் சொல்லிச் செய்யலாம்.

"வேற ஆளா இருந்தப்போ செஞ்ச தப்புக்கு கோர்ட்டுல விட்டுடுவாங்களா?"

நோய்ப் பெயர் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 84) கேட்பது, செயலைச் செய்த அந்த நேரத்தில் அதன் தன்மையோ அது தவறு என்பதோ தெரியாத அளவுக்கு மனநிலை குலைந்திருந்ததா என்பதை. நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல். இதற்கு வக்கீல்தான் வேண்டும்.

"சரி, எங்க போறது? ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு பேரு சொல்றாங்களே?"

வேலூரில் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ராத்திரியில் அவசரமாகப் பேச வேண்டுமானால் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் போனோடு நிற்காமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பெயர் மாறுவது பற்றி: இந்த நோயுள்ளவர்கள் சரியான பெயர் கிடைக்குமுன் பல வருஷம் வேறு வேறு பெயர்களோடு சிகிச்சை பெறுவது உலகம் முழுக்க உள்ள நிலை. ஆகவே பெயரைத் தேடி மாதம் ஒரு டாக்டர் மாற்றாதீர்கள். பொறுமையாகக் கேட்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து போங்கள். பழைய சீட்டு, ஈ.ஈ.ஜி., ஸ்கேன், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக வைத்து, ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துப் போங்கள். கூட வருகிறவர் அவருக்குப் பிடித்தவராக இருக்கட்டும். டாக்டரோடு தனியாகப் பேச அவருக்குப் பத்து நிமிஷம் விட்டு, நீங்கள் வெளியே வந்து உட்காருங்கள்.